உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் வாடகைப் பணம்: கலிபோர்னியாவின் தமிழ் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் சான் ஹோசேயில் இருக்கலாம், இர்வைனில் இருக்கலாம், சாக்ரமெண்டோவில் இருக்கலாம். எலும்பு, மகப்பேறு, மனநலம், குடும்ப மருத்துவம் என்று எந்தத் துறையாகவும் இருக்கலாம். தமிழ் படிப்பவர் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். இதையே ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு புகாராகிவிடும், அலுவலகத்தில் யாரோ ஒருவர் வாங்கிக் கோப்பில் போட்டுவிடுவார். தமிழில் எழுதினால் நீங்களே படிப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

நான் ஃப்ரீமாண்டில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு மையத்தில் ஆசிரியை. இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைகள். நாள் முழுக்கத் தூக்குவதும் குனிவதும் பின்னால் ஓடுவதும்தான் வேலை. 2025 மார்ச் 7, வெள்ளிக்கிழமை காலை வீட்டுப் படியில் கால் பிசகி விழுந்தேன். வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து ஆபரேஷன். "பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை குழந்தைகளைத் தூக்குகிற பேச்சே வேண்டாம்" என்றார் சர்ஜன். நல்ல மனிதர். ஆபரேஷனில் ஒரு குறை சொல்ல முடியாது, இன்று நான் நொண்டாமல் நடக்கிறேன். எனக்கு நடந்த கஷ்டம் எல்லாம் அதற்கப்புறம், ஒரு ஃபாரத்தில் அவர் போட வேண்டிய கையெழுத்தில் நடந்தது.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் அந்த ஃபாரத்தின் பின்னால் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் சம்பளம் வாங்கும் பெரும்பாலானவர்களின் சம்பளச் சீட்டில் 'சி.ஏ.எஸ்.டி.ஐ.' என்று ஒரு வரி இருக்கும். கலிபோர்னியா மாநில 'டிஸபிலிட்டி' காப்பீடு, அதாவது வேலை செய்ய இயலாதபோது உதவும் காப்பீடு, அதற்கான பிடித்தம் அது. 2025-இல் அது சம்பளத்தில் 1.2 சதவீதம். என் வாரச் சம்பளம் 800 டாலர், அதில் வாரம் 9 டாலர் 60 சென்ட் போய்விடும். முதலாளி இதற்கு ஒரு காசும் போடுவதில்லை, முழுக்க வேலை செய்பவரின் பணம். ரோட் ஐலண்டு 1942-இல் தொடங்கியதைப் பார்த்து, இரண்டாவது மாநிலமாகக் கலிபோர்னியா 1946-இல் கொண்டுவந்த காப்பீடு இது. வேலை இடத்தில் அடிபட்டால் அது தொழிலாளர் இழப்பீடு, வேறு வழி. வீட்டில் விழுந்தாலோ, நோய் வந்தாலோ, பிள்ளை பெற்றாலோ, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு இந்தக் காப்பீடு அதிகபட்சம் 52 வாரம்வரை பணம் தரும். முன்பு சம்பளத்தில் 60, 70 சதவீதம்தான் கிடைக்கும். குறைந்த சம்பளக்காரர்கள் தாங்கள் கட்டிய காப்பீட்டையே எடுக்காமல் வலியோடு வேலைக்குப் போனார்கள், ஏனென்றால் 60 சதவீதத்தில் வாடகை கட்ட முடியாது. 2022-இல் நிறைவேறிய எஸ்.பி. 951 சட்டத்தால் 2025 ஜனவரியிலிருந்து அது 70 முதல் 90 சதவீதமாக உயர்ந்தது. என் போன்றவர்களுக்கு 90. வாரம் 720 டாலர்.

சட்டமன்றம் இவ்வளவு செய்திருக்கிறது. ஆனால் அந்த 720 டாலரின் சாவி உங்கள் மேசையில் இருக்கிறது.

விண்ணப்பத்தில் இரண்டு பகுதி. 'ஏ' பகுதி நோயாளி நிரப்புவது. 'பி' பகுதி நீங்கள் நிரப்புவது. நோய் அல்லது காயம் தொடங்கி ஒன்பது நாள் ஆவதற்கு முன் அனுப்பக்கூடாது, 49 நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். முதல் ஏழு நாளுக்குப் பணம் கிடையாது. இரண்டு பகுதியும் முழுமையாகப் போய்ச் சேர்ந்தால் 14 நாளுக்குள் முடிவு என்பது இதை நடத்தும் மாநில வேலைவாய்ப்பு வளர்ச்சித் துறையின் கணக்கு. 'ஏ' மட்டும் போய் 'பி' போகாவிட்டால் அந்த 14 நாள் தொடங்கவே தொடங்காது. எல்லாரும் இழுத்தடிக்கும் அரசு அலுவலகம் என்று துறையைத்தான் திட்டுகிறார்கள். நானும் திட்டியிருக்கிறேன். எனக்கு நடந்ததை நாள் நாளாகப் பிரித்து எழுதிப் பார்த்த பிறகுதான் காலம் எங்கே போனது என்று தெரிந்தது.

மார்ச் 17 அன்று ஆன்லைனில் என் பகுதியை அனுப்பினேன். 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் ரசீது எண் வந்தது. அதை வைத்துத்தான் மருத்துவர் தன் பகுதியை ஆன்லைனில் இணைக்க முடியும். மறுநாளே கிளினிக்கைக் கூப்பிட்டு எண்ணைக் கொடுத்தேன். ஃபாரத்துக்கு 25 டாலர், பத்திலிருந்து பதினைந்து வேலை நாள் ஆகும் என்றார்கள். ஃபாரம் பார்க்கும் பெண் மூன்று கிளைகளுக்கும் ஒரே ஆள், எங்கள் கிளைக்குச் செவ்வாயும் வியாழனும்தான் வருவார் என்றார்கள். சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்த வருடத்துக்குச் சட்டப்படி கிடைக்கும் ஐந்து நாள் உடல்நல விடுப்பில் மூன்று நாள் என் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோதே போயிருந்தது. மிச்சம் இரண்டு நாள். கணவருக்கு ஜனவரியில்தான் லேஆஃப். ஏப்ரல் முதல் தேதி வாடகை 2,900 டாலர். நாங்கள் பத்துத் தோழிகள் சேர்ந்து ஒரு சீட்டு நடத்துகிறோம். என் முறை ஆகஸ்டில்தான். ஏப்ரல் சீட்டை எடுக்க வேண்டிய தோழி, தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். அவர் வீட்டிலும் ஒரு செலவுக்காகத்தான் அதை எடுப்பதாக இருந்தார். ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு வாசலில் நின்று அந்தக் கவரை வாங்கியது இன்னும் நினைவிருக்கிறது. ஆறு வருடமாக ஒரு மாதம் தவறாமல் இன்னொரு சீட்டுக்கும் பணம் கட்டி வந்திருக்கிறேன், அதுதான் அந்த 'சி.ஏ.எஸ்.டி.ஐ.' வரி. எடுக்க வேண்டிய நேரத்தில் அது கைக்கு வரவில்லை.

நான்கு முறை ஃபோன் செய்தேன். நான்காவது முறை ஒரு மெடிக்கல் அசிஸ்டென்ட் பரிதாபப்பட்டுத் தேடிப் பார்த்துச் சொன்னார். ஃபாரம் மார்ச் 27-ஆம் தேதியே நிரப்பித் தயாராக இருக்கிறது. டாக்டர் திறந்து பார்த்துக் கையெழுத்துப் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அவர் அழுத்தியது ஏப்ரல் 15. பத்தொன்பது நாள். இடையில் ஏப்ரல் முதல் வாரத்தில் அவரே என் காலை எக்ஸ்ரேயில் பார்த்து, "பிரமாதமாகச் சேர்கிறது" என்று சிரித்திருந்தார். நானும் சிரித்தேன். என் ஃபாரம் அவருக்காகக் காத்திருக்கிறது என்று அன்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

ஏப்ரல் 25 அன்று கிட்டத்தட்ட ஆறு வாரப் பணம் மொத்தமாக வந்தது. உங்கள் பகுதி போய்ச் சேர்ந்த பத்தே நாளில். நான் விழுந்த நாளிலிருந்து எண்ணினால் அன்று சரியாக 49 நாள். டாக்டர் இன்னும் பத்து நாளுக்கு மேல் தள்ளியிருந்தால், ஏன் தாமதம் என்று நான் காரணம் எழுதி, அவர்கள் அதை ஏற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

பணம் வந்த சந்தோஷம் ஒரு நாள்தான். கூடவே ஒரு தகவல்: இதுதான் கடைசிப் பணம். ஏன்? ஃபாரம் பார்க்கும் அந்தப் பெண் 'வேலைக்குத் திரும்பும் தேதி' என்ற கட்டத்தில் ஆபரேஷனிலிருந்து ஆறு வாரம் கணக்குப் போட்டு ஏப்ரல் 25 என்று எழுதியிருக்கிறார். எலும்பு முறிவு என்றால் அங்கே வழக்கமாக ஆறு வாரமாம். டாக்டர் என்னிடம் சொன்ன பன்னிரண்டு வாரம் என் காதில் இருந்தது, ஃபாரத்தில் இல்லை. நீட்டிப்புக்கு வேறு ஒரு ஃபாரம், அதற்கும் மருத்துவர் கையெழுத்து, மறுபடியும் அதே வரிசை. மே 14 வரை காத்திருந்தேன். ஜூன் 9 அன்று வேலைக்குத் திரும்பினேன். ஆகஸ்டில் தோழிக்கு என் சீட்டு போனது.

டாக்டர், அந்தத் தேதிக் கட்டத்தைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அதன் பலத்தை மருத்துவர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. உங்களைப் பொறுத்தவரை அது ஓர் ஊகம். 'தெரியாது', 'காலவரையற்றது' என்று எழுதினால் அந்த ஃபாரம் ஏற்காது, ஒரு தேதி எழுதியே ஆக வேண்டும். அதனால் கைக்கு வந்த ஒரு தேதி விழுகிறது. துறையின் கணினிக்கு அது ஊகம் என்று தெரியாது. அந்தத் தேதியில் நோயாளி குணமாகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு பணத்தை நிறுத்திவிடும். நோயாளி முன்னதாகக் குணமானால் தகவல் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடலாம், சுலபம். தேதி முன்னால் விழுந்துவிட்டால்தான் நீட்டிப்பு, மறு ஃபாரம், மறு கையெழுத்து, நடுவில் பணமில்லாத வாரங்கள். பொய்த் தேதி போடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது குற்றம் என்று ஃபாரத்திலேயே இருக்கிறது. பரிசோதனை அறையில் நோயாளியின் முகத்தைப் பார்த்து எத்தனை வாரம் என்று சொன்னீர்களோ, அதையே எழுதுங்கள். அந்தக் கட்டத்தை மட்டுமாவது வேறு யாரிடமும் விடாமல் நீங்களே நிரப்புங்கள். அவர் என்ன வேலை செய்கிறார் என்றும் கேளுங்கள். கணினி முன் உட்காரும் ஒருவருக்கும் என்னைப் போல் பிள்ளை தூக்கும் ஒருவருக்கும் அதே கணுக்காலுக்கு ஒரே தேதி பொருந்தாது.

அப்புறம், யார் கையெழுத்துப் போடுவது என்ற இழுபறி. அவசரப் பிரிவில் கேட்டால் சர்ஜனைக் கேளுங்கள் என்கிறார்கள். சர்ஜனிடம் கேட்டால் குடும்ப மருத்துவரைக் கேளுங்கள் என்கிறார்கள். குடும்ப மருத்துவர், நான் ஆபரேஷன் செய்யவில்லையே என்கிறார். பித்தப்பை ஆபரேஷன் ஆன என் தோழி ஒருத்தி மூன்று வாரம் இப்படிப் பந்து மாதிரி உருண்டாள். நர்ஸ் பிராக்டிஷனர், ஃபிசிஷியன் அசிஸ்டென்ட், பல் மருத்துவர், உளவியலாளர், மருத்துவச்சி என்று பலருக்கும் அவரவர் எல்லைக்குள் சான்று கொடுக்கும் அதிகாரம் இருக்கிறது. யார் என்பதை முதல் நாளே ஒருவர் பொறுப்பேற்றுச் சொன்னால் போதும். நோயாளி தானாகப் போய் மூன்று கதவைத் தட்டக்கூடாது, அதுவும் ஒற்றைக் காலில்.

இது முடியாத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். மகப்பேறு மருத்துவர்கள் தினமும் செய்கிறார்கள். பிரசவத்துக்கு முன் நான்கு வாரம், சுகப்பிரசவம் என்றால் பின்னால் ஆறு வாரம், சிசேரியன் என்றால் எட்டு வாரம், அதற்கப்புறம் குழந்தையோடு இருக்க குடும்ப விடுப்புக் காப்பீட்டில் எட்டு வாரம். எனக்கு என் மகன் பிறந்தபோது முதல் பணம் எப்படி வந்தது என்றே தெரியாமல் வந்தது. அந்த அலுவலகத்தில் அதற்கென்று ஒரு பழக்கம் இருந்தது: ரசீது எண் கொடுத்த அன்றே ஆன்லைனில் ஏற்றிவிடுவார்கள். அதே மாநிலம், அதே காப்பீடு, கிட்டத்தட்ட அதே ஃபாரம்.

என் அப்பா கோயம்புத்தூரில் மில் தொழிலாளி. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனால் டாக்டர் நாடி பார்த்து, மருந்து எழுதி, அதே கையோடு 'ஃபர்ஸ்ட் சர்ட்டிஃபிகேட்' கிழித்துக் கொடுத்துவிடுவார். குணமானதும் 'ஃபைனல் சர்ட்டிஃபிகேட்'. அந்த டிஸ்பென்சரியில் வரிசை பெரியது, மருந்து சில நாள் இருக்காது, அப்பாவுக்கு நிறையக் குறைகள் உண்டு. ஆனால் சீட்டு இல்லாமல் அவர் வீடு திரும்பி நான் பார்த்ததில்லை. சான்று கொடுப்பதும் வைத்தியத்தில் ஒரு பாகம் என்று அந்த டாக்டருக்குத் தெரிந்திருந்தது. உங்களில் சிலர் அப்படிப்பட்ட ஊர்களில், அப்படிப்பட்ட மில் வீடுகளில் வளர்ந்திருப்பீர்கள்.

2022 ஜனவரியில் நடந்ததையும் நினைவூட்டுகிறேன். திருடர்கள் மருத்துவர்களின் பெயர்களைத் திருடிப் பொய் விண்ணப்பங்கள் போட்டார்கள் என்று, சுமார் 27,000 மருத்துவர் பெயர்களோடு தொடர்புடைய சுமார் 3,45,000 விண்ணப்பங்களை வேலைவாய்ப்பு வளர்ச்சித் துறை நிறுத்திவைத்தது. மோசடியைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் குவியலில் உண்மையான நோயாளிகளும் சிக்கிக்கொண்டார்கள். அவர்களின் மருத்துவர் 'நான்தான்' என்று அடையாளத்தை உறுதி செய்யும்வரை பணம் வராது. துறையிலிருந்து உங்கள் பெயருக்கு அடையாளம் கேட்டு ஏதாவது வந்தால் தயவுசெய்து விளம்பரக் கடிதங்களோடு சேர்த்து ஒதுக்கிவிடாதீர்கள். அதன் பின்னால் உங்களுடைய எத்தனை நோயாளிகள் நிற்கிறார்கள் என்று கடிதத்தின் வெளியே எழுதியிருக்காது.

இன்னொன்று, இது கொஞ்சம் மனம் நோகச் சொல்வது. ஒரு நவராத்திரி கொலுவில் ஒரு டாக்டரம்மா என்னிடம், "எதுக்கும்மா அரசாங்கத்துக்கிட்ட கை நீட்டிக்கிட்டு, சமாளிக்க முடியாதா?" என்றார்கள். அக்கறையில்தான் கேட்டார்கள், தெரியும். நம்மவர்கள் பலருக்கும் அந்தக் கூச்சம் இருக்கிறது. 'டிஸபிலிட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் அது தங்களுக்கானது இல்லை என்று நினைக்கிறார்கள். விசாவில் இருப்பவர்கள் பயப்படுகிறார்கள். இந்தக் காப்பீட்டுக்குக் குடியுரிமையோ குடியேற்ற நிலையோ தகுதி அளவுகோல் இல்லை, சம்பளத்தில் பிடித்தார்களா என்பதுதான் கணக்கு. மன அழுத்தம் என்று உங்களிடம் வந்து, அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று மருந்து மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்களே, அவர்களும் இதற்குத் தகுதியானவர்கள்தான். விண்ணப்பம் போட்ட செய்தி முதலாளிக்குப் போகும், என்ன நோய் என்பது போகாது. இதை நோயாளிக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை. நீங்கள் சொன்னால் நம்புவார்கள். டாக்டர் சொல்லிவிட்டார் என்றால் நம் வீடுகளில் அப்புறம் பேச்சில்லை.

உங்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி, இரவு பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்து குறிப்புகள் எழுதுவது, காப்பீட்டு நிறுவனங்களோடு தினம் ஒரு சண்டை. இந்த ஃபாரத்துக்கு எந்தக் காப்பீட்டு நிறுவனமும் உங்களுக்குப் பணம் கொடுப்பதில்லை. ஆனால் ஒரு மருந்துச் சீட்டை மூன்று வாரம் கையெழுத்தில்லாமல் வைத்திருக்க உங்கள் அலுவலகம் விடாது. நோயாளி மருந்துக்காகக் காத்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். இதையும் அதே வரிசையில் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். சட்டம் நோயாளிக்குத்தான் 49 நாள் கெடு வைத்திருக்கிறது. தாமதம் யாருடையதாக இருந்தாலும் இழப்பு அவருக்கே. கெடு உங்கள் பக்கமும் இருக்கிறது என்று உங்கள் அலுவலகம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டால், உதாரணத்துக்கு ரசீது எண் வந்து ஐந்து வேலை நாள் என்று, சட்டத்தில் ஒரு வரி மாறாமலே பல வீடுகளில் வாடகை நேரத்துக்குப் போய்விடும். அந்த 25 டாலரையும் யோசித்துப் பாருங்கள். சம்பளம் நின்றுபோன ஒருவரிடம், சம்பளம் நின்றுபோனதற்கான சான்றுக்காக வாங்கும் பணம் அது.

திங்கட்கிழமை காலை உங்கள் ஃப்ரண்ட் டெஸ்க்கில் ஒரு நிமிடம் நின்று, கையெழுத்துக்காக இப்போது எத்தனை ஃபாரம் இருக்கிறது என்று கேளுங்கள். அதில் மிகப் பழையது எந்தத் தேதியில் வந்தது என்றும் கேளுங்கள். எப்படி ஆன்லைனில் ஏற்றுவது என்று உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது காட்ட வேண்டுமென்றால், எந்தச் சனிக்கிழமையும் நான் வந்து பக்கத்தில் உட்காரத் தயார். இப்போது படியேற முடிகிறது.

அன்புடன்,
ஃப்ரீமாண்டிலிருந்து ஒரு நோயாளி